பதினான்கு மாத மாத்திரை, பதினோரு நாள் இடைவெளி: ஒரு ஸ்டீராய்டு நிகழ்வு ஆய்வு

இரவு பதினொன்றரை மணிக்கு அந்த அம்மாவை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். வயது 54. இரண்டு நாளாகக் காய்ச்சல். காலையிலிருந்து ஓயாத வாந்தி. மாலைக்குப் பிறகு பேச்சு குழற ஆரம்பித்ததும் பயந்துபோய் மகள் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார். ரத்த அழுத்தம் 76/48. நாடித் துடிப்பு 118. விரல் நுனியில் குத்திப் பார்த்த சர்க்கரை 54.

அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் முக்கியமானவை அப்படியே இருக்கின்றன. இதை எழுதக் காரணம், அவர் மாத்திரை சாப்பிட்டதால் மட்டும் சாகக் கிடக்கவில்லை. நிறுத்தியதால் சாகக் கிடந்தார். அதுவும், நல்லது என்று நம்பி நிறுத்தியதால்.

முதல் ஒரு மணி நேரம்

சிறுநீர்ப் பாதைத் தொற்று ரத்தத்தில் பரவி ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். அப்படி நினைத்ததில் தவறில்லை. காய்ச்சல் இருந்தது, சிறுநீரில் சீழணுக்கள் இருந்தன. குளுக்கோஸ் ஏற்றினோம், சலைன் வேகமாக இறக்கினோம், என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஆன்டிபயாட்டிக் தொடங்கினோம். ஒரு மணி நேரத்தில் இரண்டு லிட்டர் சலைன் போன பிறகும் ரத்த அழுத்தம் 82/50 தான். சோடியம் 123 என்று முடிவு வந்தது. 135க்குக் கீழே போனாலே குறைவு. பொட்டாசியம் 4.3, அதில் குறையில்லை.

ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம். கையில் குத்திய ஊசி சரியாக ஓடவில்லை என்று மாற்றுவதற்காகச் செவிலியர் பிளாஸ்திரியை உரித்தார். பிளாஸ்திரியோடு தோலும் வந்தது. நனைந்த டிஷ்யூ தாள் கிழிவது மாதிரி, சத்தமில்லாமல், இரண்டு அங்குல நீளத்துக்கு. செவிலியர் பதறிவிட்டார். அவர் மெதுவாகத்தான் உரித்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கையை முழுதாகப் பார்த்தேன். முன்கை முழுவதும் கருஞ்சிவப்புத் திட்டுகள். தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் கோடு போட்டது போலத் தெரிந்தன. கைகளும் தொடைகளும் மெலிந்திருக்க, முகம் மட்டும் உருண்டு சிவந்திருந்தது. பிடரிக்குக் கீழே கொழுப்புத் திரண்டு மேடாக இருந்தது. இதையெல்லாம் ஒரு மணி நேரமாகக் கண்முன் வைத்துக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறோம். ரத்த அழுத்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஆளைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

மகளிடம் கேட்டேன். "அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"சர்க்கரைக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, அவ்வளவுதான் டாக்டர்."

"இப்ப சமீபத்துல ஏதாவது நிறுத்தினீங்களா?"

"மூட்டு வலிக்கு ஒரு சின்ன மாத்திரை ரொம்ப நாளாச் சாப்பிட்டாங்க. அது ஸ்டீராய்டுன்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னார். முகம் வீங்குறதே அதனாலதான்னாரு. பதினோரு நாள் ஆச்சு டாக்டர், எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டோம்."

கடைசி வாக்கியத்தை ஒரு நிம்மதியோடுதான் சொன்னார். அம்மாவை ஒரு கெட்ட பழக்கத்திலிருந்து மீட்டுவிட்ட பெண்ணின் குரல் அது. கைப்பையின் மூலையில் மிச்சமிருந்த ஒரு மாத்திரை அட்டையையும் எடுத்துக் கொடுத்தார். பிரெட்னிசோலோன் 10 மி.கி. மூன்று மாத்திரை பாக்கி.

அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால், அதைச் சுரக்கச் சொல்லும் ஏசிடிஎச் ஆகிய இரண்டின் அளவுகளுக்கும் தனியாக ரத்தம் எடுத்தோம். முடிவுக்குக் காத்திருக்கவில்லை, இந்த நிலைமையில் காத்திருக்கக் கூடாது. கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி.யை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினோம், அடுத்த 24 மணி நேரத்துக்கு 200 மி.கி. என்று கணக்கிட்டுத் தொடர்ந்து கொடுத்தோம். விடியற்காலை நாலு மணிக்கு ரத்த அழுத்தம் 104/66. ஆறு மணிக்கு அவர் கண் திறந்து, மகள் சாப்பிட்டாளா என்று கேட்டார்.

மறுநாள் வந்த முடிவில் கார்டிசால் ஒரு டெசிலிட்டருக்கு 1.4 மைக்ரோகிராம். சாதாரணமாகக் காலை எட்டு மணிக்கு எடுத்தாலே 5க்கு மேல், பெரும்பாலும் 10க்கும் மேலே இருக்கும். உயிருக்குப் போராடும் உடம்பில் அது இன்னும் ஏறியிருக்க வேண்டும். ஏசிடிஎச் அளவும் அடிமட்டத்தில் இருந்தது. பார்வைக்குக் கார்டிசால் வழிந்து நிற்கும் உடம்பு; ரத்தத்தில் கார்டிசாலே இல்லை. இந்த முரண்தான் ஸ்டீராய்டால் வரும் அட்ரீனல் செயலிழப்பின் முகம்.

பதினான்கு மாதக் கதை

தேறிய பிறகு பழைய சீட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். கட்டிலில் பரப்பி, தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தோம்.

ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், அதாவது முடக்குவாதம் என்று சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். முதல் சீட்டில் மூன்று மருந்துகள்: நோயைக் கட்டுப்படுத்த வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், அதோடு ஃபோலிக் அமிலம், தினமும் காலையில் பிரெட்னிசோலோன் 10 மி.கி. கீழே ஒரு வரி: ஒரு மாதம் கழித்து வரவும்.

மருத்துவமாகப் பார்த்தால் இந்தச் சீட்டில் பிழை இல்லை. மெத்தோட்ரெக்சேட் வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை வலியையும் வீக்கத்தையும் தாங்கிப் பிடிக்க ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம்தான் பிரெட்னிசோலோன். பாலத்தைக் கடந்தால் இறங்கிவிட வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை, சீட்டிலும் எழுதவில்லை.

அவருடைய பக்கம் நின்று பாருங்கள். காலையில் விரல்களை மடக்க முடியாமல், சட்டைப் பொத்தானைக்கூட மகள் போட்டுவிட வேண்டிய நிலைமை. இந்தச் சின்ன மாத்திரையைப் போட்ட மூன்றாம் நாள் தானே தலை பின்னிக்கொள்கிறார். மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, பலனும் தெரியவில்லை. எதை விடுவார், எதை வைத்துக்கொள்வார்? மெத்தோட்ரெக்சேட்டை விட்டுவிட்டார். வலி போய்விட்டதால் மறுபடி மருத்துவரிடம் போகவில்லை. அதே சீட்டைக் காட்டிக் காட்டியே மாத்திரை வாங்கியிருக்கிறார். வலி கூடிய நாளில் இரண்டாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். பதினான்கு மாதம் இப்படி ஓடியிருக்கிறது.

எட்டாம் மாதம் வேறொரு இடத்தில் சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்து கிளிமெபிரைடு கொடுத்தார்கள். பத்தாம் மாதம் ரத்த அழுத்தம் கூடியது என்று அம்லோடிபின். இரண்டுமே ஸ்டீராய்டு கொண்டுவந்து சேர்த்தவை. சர்க்கரைக்குப் பார்த்தவருக்கு மூட்டு மாத்திரை தெரியாது, ரத்த அழுத்தத்துக்குப் பார்த்தவருக்கும் தெரியாது. ஒரு மருந்தின் பக்கவிளைவு புது நோயாகப் பெயர் வாங்கி, அதற்கு இன்னொரு மருந்து, அதற்கடுத்து இன்னொன்று.

அப்புறம் அடிவேரான மாத்திரையை மட்டும் ஒரே நாளில் பிடுங்கினார்கள். சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருந்த பொருள் போய்விட்டது, இறக்கும் மாத்திரை தொடர்ந்தது. ரத்த அழுத்தத்துக்கும் அதே கதி. 54 என்ற சர்க்கரை அளவும் 76/48 என்ற அழுத்தமும் அந்த இடத்துக்கு வந்ததில் இந்த இரண்டு மாத்திரைகளுக்கும் பங்கு உண்டு. சாப்பாடே உள்ளே தங்காத நாளிலும் சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் போட்டிருக்கிறார்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி போல ஒரு அட்ரீனல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. எடை நாலைந்து கிராம்தான். அதன் வெளிப்புறப் பகுதியான புறணியிலிருந்துதான் கார்டிசால் சுரக்கிறது. கார்டிகோஸ்டீராய்டு என்று நாம் சொல்லும் மருந்துகள் எல்லாம் இந்த இயற்கை ஹார்மோனின் செயற்கை உறவினர்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை ஏற்றப் பயன்படுத்தப்படும் ஸ்டீராய்டு வேறு குடும்பம், ஆண் ஹார்மோன் வகை. பெயர் ஒன்றாக இருப்பதால் நிறையப் பேர் குழம்பிவிடுகிறார்கள்.

கார்டிசால் இஷ்டத்துக்குச் சுரப்பதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் உத்தரவு கொடுக்க, பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்ப, அது வந்து அட்ரீனலை எழுப்புகிறது. ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவுக்கு வந்ததும் மேலே இருக்கும் இருவரும் அடங்கிவிடுவார்கள். விழிக்கும் நேரத்தையொட்டிக் காலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். பிரெட்னிசோலோனைக் காலையில் ஒரே வேளையாகக் கொடுப்பது இந்தத் தாளத்தோடு ஒத்துப்போவதற்காகத்தான். இரவில் போட்டால் தூக்கமும் கெடும், மறுநாள் காலையில் வரவேண்டிய ஏசிடிஎச்சும் அடங்கிப்போகும்.

மருந்தாக உள்ளே போகும் ஸ்டீராய்டு கொழுப்பில் கரையக்கூடியது, அதனால் செல்லின் சவ்வைத் தாண்டி நேராக உள்ளே நுழைந்துவிடும். அங்கே அதற்கென்றே ஒரு ஏற்பிப் புரதம் காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் போய், எந்த ஜீன் பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்பதை மாற்றுகின்றன. அழற்சியைக் கிளப்பும் புரதங்களை உற்பத்தி செய்யச் சொல்லும் என்எஃப்-கப்பா-பி போன்ற காரணிகள் அடக்கப்படுகின்றன. அனெக்சின் என்ற புரதம் கூடுகிறது. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின், லூக்கோட்ரையீன் ஆகியவற்றுக்கான மூலப்பொருளை அது ஊற்றிலேயே தடுக்கிறது. வலி மாத்திரைகள் இந்தப் பாதையில் நடுவில் ஓரிடத்தில் குறுக்கே நிற்கின்றன. ஸ்டீராய்டு மேலிருந்தே அடைக்கிறது. அதனால்தான் அந்த அம்மாவுக்கு மூன்றாம் நாள் தலை பின்ன முடிந்தது. ஜீன் வழியாக வேலை நடப்பதால் முழுப்பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும். மூச்சுத் திணறலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்ட உடனே ஏன் சரியாகவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த ஏற்பிப் புரதம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. மூட்டுக்கு மட்டும் போ என்று மாத்திரையிடம் சொல்ல முடியாது. கல்லீரலுக்குப் போனால் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கச் சொல்கிறது, தசைக்குப் போனால் புரதத்தை உடைக்கச் சொல்கிறது, எலும்புக்குப் போனால் எலும்பு கட்டும் செல்களை முடக்குகிறது, தோலில் கொலாஜனைக் குறைக்கிறது. நன்மை செய்யும் கையும் தீமை செய்யும் கையும் ஒன்றுதான். அளவும் காலமும்தான் இரண்டையும் பிரிக்கின்றன.

அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பு ஒரு நாளில் சுரக்கும் கார்டிசால், மாத்திரைக் கணக்கில் சுமார் 15 முதல் 25 மி.கி. ஹைட்ரோகார்டிசோனுக்குச் சமம். 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் செய்யும் வேலையை 5 மி.கி. பிரெட்னிசோலோனோ, 4 மி.கி. மெத்தில்பிரெட்னிசோலோனோ, 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோனோ செய்துவிடும். ஆக, "அரை மில்லிகிராம் மாத்திரைதானே" என்று டெக்ஸாமெத்தசோனைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. இந்த அம்மா உடம்புக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கும், சில நாட்களில் நான்கு மடங்கும் வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் அதைப் பார்த்து, வேண்டிய அளவு இருக்கிறதே என்று உத்தரவை நிறுத்திவிட்டன. உத்தரவு வராத அட்ரீனல் புறணி மாதக்கணக்கில் சும்மா இருந்து சுருங்கிவிட்டது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல், உடம்பின் தேவையைத் தாண்டிய அளவில் எடுக்கும் யாருக்கும் இது நடக்கலாம். ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினால் சுரப்பி மறுநாளே விழித்துக்கொள்ளாது. மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும்.

கார்டிசால் இல்லாத உடம்பு அமைதியான நாட்களைச் சோர்வோடும் குமட்டலோடும் தள்ளிவிடும். இவரும் முதல் ஒன்பது நாளை அப்படித்தான் கழித்திருக்கிறார். உடம்பிலிருந்து நஞ்சு வெளியேறுகிறது, அதனால்தான் அசதி என்று வீட்டில் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் வந்த நாளில்தான் கணக்கு தப்பியது. தொற்று, அடிபடுதல், அறுவை சிகிச்சை போன்ற நேரங்களில் நல்ல அட்ரீனல் பல மடங்கு அதிகமாகச் சுரந்து ஈடு கொடுக்கும். ரத்தக் குழாய்கள் அட்ரீனலினுக்குக் கட்டுப்பட்டுச் சுருங்குவதற்கே கார்டிசால் பக்கத்துணையாக வேண்டும். அது இல்லாததால்தான் இரண்டு லிட்டர் சலைனும் தோற்றுப்போனது. பொட்டாசியம் சரியாக இருந்ததற்கும் காரணம் உண்டு. உப்பையும் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொள்ளும் ஆல்டோஸ்டீரோன், அதே புறணியில் சுரந்தாலும், முக்கியமாகச் சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்ற பொருளின் சொல்லைக் கேட்டு நடப்பது. பிட்யூட்டரி தூங்கினாலும் அது வேலையை விடாது. அட்ரீனலே பழுதான அடிசன் நோயில் பொட்டாசியம் ஏறும், தோலும் கறுக்கும். இவரிடம் இரண்டும் இல்லை. அதையே பாடப்புத்தக அடையாளமாகத் தேடினால் இவரைப் போன்றவர்களைக் கோட்டை விடுவோம்.

இது புதிதாகத் தெரிந்துகொண்ட விஷயமும் அல்ல. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்சும் அவருடைய குழுவினரும் முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு, கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கும், அட்ரீனல் ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டால், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு. அதற்கு இரண்டே வருடத்தில், 1952இல், கார்டிசோன் எடுத்துவந்த 34 வயது முடக்குவாத நோயாளி ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பின் அதிர்ச்சி நிலையில் இறந்த செய்தி மருத்துவ இதழில் வந்துவிட்டது. பிரேதப் பரிசோதனையில் அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கியிருந்தன. அன்றே எழுதி வைத்த பாடத்தை, இந்த அம்மாவின் முதல் சீட்டில் ஒரு வரியாக எழுத இன்றும் நமக்குக் கைவரவில்லை.

அவர் உடம்பில் நாங்கள் கண்டவை

அபாயக் கட்டம் தாண்டியதும் மற்றவற்றைத் தேடிப் பார்த்தோம். பக்கவிளைவுப் பட்டியல் எந்த மருந்து உறைக்குள்ளும் கிடைக்கும். ஒரு மனுஷியின் உடம்பில் அவை எப்படித் தெரிந்தன என்பதைச் சொல்கிறேன்.

தாழ்வான நாற்காலியில் உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னேன். இரண்டு முறை முயன்றார், முடியவில்லை. வயசாகிவிட்டது என்று அவராகவே காரணமும் சொன்னார். 54 வயதுக்கு அது காரணமே இல்லை. இடுப்பையும் தொடையையும் சுற்றியுள்ள பெரிய தசைகளைத்தான் ஸ்டீராய்டு முதலில் கரைக்கும். வலி இருக்காது, பலம் மட்டும் போகும்.

எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் முதுகுத் தண்டில் டி-ஸ்கோர் மைனஸ் 2.7. மைனஸ் 2.5க்குக் கீழே போனாலே எலும்புப்புரை. நல்லவேளை, முறிவு எதுவும் இல்லை. நிறையப் பேர் தவறாக நினைப்பது இங்கேதான்: வருடக்கணக்கில் சாப்பிட்டால்தான் எலும்பு போகும் என்று. இழப்பு வேகமாக நடப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு தேவைப்படும் என்று தெரிந்தால், எலும்பைப் பற்றிய பேச்சு முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும்.

கண்ணில், லென்ஸின் பின்பக்க உறையை ஒட்டிக் கண்புரை தொடங்கியிருந்தது. எதிரே வரும் வண்டி விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று ஐந்தாறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஸ்டீராய்டால் வரும் புரை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பிடிக்கும், வெளிச்சம்தான் அவர்களுக்கு முதல் எதிரி. கண் அழுத்தத்தையும் அளந்தோம், அது சரியாக இருந்தது.

சர்க்கரையில் ஒரு நுணுக்கம். காலையில் போடும் பிரெட்னிசோலோன் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையைத் தூக்கும், விடிவதற்குள் அது இறங்கியும்விடும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஏமாந்துபோவோம். மாலையில் பார்க்க வேண்டும்.

தொற்று விஷயம் எனக்கு இன்னும் கவலை தருவது. ஸ்டீராய்டு உடம்பின் காவலைக் குறைப்பதோடு, காவல் குறைந்ததைக் காட்டும் அறிகுறிகளையும் மறைக்கிறது. காய்ச்சல் மட்டுப்படும், வயிற்றில் பெரிய கோளாறு நடந்தாலும் வலி அடங்கித் தெரியும். உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமி, தினம் 15 மி.கி. அளவில் ஒரு மாதத்துக்கு மேல் போனால் விழித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். இவருக்கு மார்பு எக்ஸ்ரேயும் மற்றச் சோதனைகளும் சுத்தமாக வந்தன.

இன்னொன்றை அவராகச் சொல்லவில்லை, மகள்தான் தனியாக அழைத்துச் சொன்னார். அந்தப் பதினான்கு மாதமும் அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்திரம் கழுவுவாராம். சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவாராம், அடுத்த நிமிடம் அழுவாராம். மாதவிடாய் நின்ற வயது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். தூக்கமின்மை, படபடப்பு, மன ஏற்ற இறக்கம் எல்லாமே இந்த மருந்தின் கைவரிசையாக இருக்கலாம். சிலருக்கு மனம் முற்றாகப் பிறழ்வதும் உண்டு. இது மருந்தால் வந்திருக்கலாம் என்று சொன்னபோது அந்தப் பெண் அழுதுவிட்டார். ஒரு வருடமாக அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறார்.

மறுபடி அதே மாத்திரை

நான்காம் நாள் பிரெட்னிசோலோன் மாத்திரையை மறுபடி அவர் கையில் கொடுத்தபோது மகளின் முகம் மாறியது. "டாக்டர், இதையா திரும்பவும்?"

அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அட்ரீனல் தூங்கும்வரை இது நோய்க்கு மருந்து அல்ல, உடம்பு தானே செய்யவேண்டியதற்கு மாற்று. நிறுத்தத்தான் போகிறோம், ஆனால் படிப்படியாக. அவர்களுடைய பயத்தில் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. பதினான்கு மாதம் அந்தப் பயம் யாருக்கும் வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

மூட்டு நோய் மருத்துவர் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கி மெல்லக் கூட்டினார். அது பிடிக்கத் தொடங்கியதும் பிரெட்னிசோலோனை 10லிருந்து 7.5, பிறகு 5 என்று சில வாரங்களில் இறக்கினோம். 5க்குக் கீழேதான் மெதுவாகப் போனோம், மாதத்துக்கு 1 மி.கி. வீதம். அங்கே அவசரப்பட்டால் சுரப்பியால் ஈடுகொடுக்க முடியாது. கால்சியம், வைட்டமின் டி, எலும்புக்கு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட். சர்க்கரை மாத்திரையை முதல் நாளே நிறுத்தியிருந்தோம், ரத்த அழுத்த மாத்திரைக்கும் பிறகு தேவை வரவில்லை.

4 மி.கி.க்கு இறக்கியபோது உடம்பெல்லாம் வலி என்று வந்தார். நோய் திரும்பிவிட்டது, பழைய அளவுக்கே போய்விடலாம் என்பது அவர் விருப்பம். மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை, காலை விறைப்பு பத்து நிமிடம்தான். தசையில்தான் வலி. ஸ்டீராய்டு குறையும்போது வரும் விலகல் வலி அது. முடக்குவாதம் மாதிரியே நடிக்கும். இந்த இடத்தில் ஏமாந்துதான் பலர் மறுபடி 10க்கு ஏறி, இறங்கவே முடியாமல் வருடக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். அளவைக் கூட்டாமல், அடுத்த படியை மட்டும் இரண்டு வாரம் தள்ளிப் போட்டோம். வலி தானாக அடங்கியது.

சுரப்பி விழித்ததா என்பதைக் காலைக் கார்டிசால் சொல்லும். முந்தின நாள் காலைக்குப் பிறகு மாத்திரை போடாமல், மறுநாள் எட்டு மணியளவில் அன்றைய வேளைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுக் கொடுத்தால் பல கருவிகள் பிரெட்னிசோலோனையும் கார்டிசாலாகவே எண்ணிவிடும். முதல் தடவை 4.2. மூன்று மாதம் கழித்து 7.1. பத்தாம் மாதம் 11.3. 10ஐத் தாண்டிவிட்டால் சுரப்பி மீண்டுவிட்டது என்று கொள்ளலாம். அதன் பிறகுதான் கடைசி 1 மி.கி.யையும் நிறுத்தினோம்.

இடையில் ஆறாம் மாதம் ஒருமுறை 101 டிகிரி காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்தால் அளவை இரண்டு மடங்காக்க வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் ஊசிக்கு ஓடிவர வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தோம். மகள் தொலைபேசியில் சொன்னார்: "காலையிலேயே டபுள் பண்ணிட்டோம் டாக்டர். தகவலுக்குச் சொல்றேன்." மூன்று நாளில் காய்ச்சல் விட்டது, பழைய அளவுக்கு வந்தார்கள்.

பயத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம்

இந்த நிகழ்வைக் கேட்டு யாராவது தன் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஆஸ்துமா இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, அது நேராக நுரையீரலுக்குப் போகிறது. உறிஞ்சிய பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் தொண்டைக் கரகரப்பும் குறையும். வழக்கமான அளவில் அதை நிறுத்துவதால் வரும் கேடு, எடுப்பதால் வருவதைவிடப் பெரிது. மிக அதிக அளவில் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கும், ரிட்டோனவிர் (எச்.ஐ.வி.க்கானது), இட்ராகோனசோல் (பூஞ்சைக்கானது) போன்ற மருந்துகளைக் கூடவே எடுப்பவர்களுக்கும் உடம்பில் ஸ்டீராய்டு தேங்கலாம். அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தோல் களிம்பு வேறு விஷயம். முகத்திலும் படர்தாமரையிலும் கேட்காமல் தடவும் ஸ்டீராய்டு களிம்பு தோலை மெலியவைக்கும், படையை அடையாளம் தெரியாமல் பரப்பும்.

ஐந்து நாள், ஒரு வாரம் என்று கொடுக்கும் ஸ்டீராய்டைப் பெரும்பாலும் படிப்படியாகக் குறைக்கக்கூட வேண்டியதில்லை, சொன்ன நாளில் நிறுத்தலாம். 2020இல் கோவிட் சிகிச்சையைப் பற்றிய ரெகவரி ஆய்வு காட்டியதையும் நினைத்துப் பாருங்கள்: தினம் 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்து கொடுத்தார்கள், அதனால் காப்பாற்றியது.

எங்கள் பிரிவில் இதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். அவசரப் பிரிவுப் படிவத்தில் "இப்போது எடுக்கும் மருந்துகள்" என்ற கேள்விக்குக் கீழே "கடந்த ஒரு வருடத்தில் நிறுத்திய மருந்துகள்" என்று ஒரு வரி சேர்த்தோம். ஸ்டீராய்டு எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் முடிவுத் தேதியோ குறைக்கும் அட்டவணையோ இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். இரண்டாவது இன்னும் முழுதாகப் பழக்கத்துக்கு வரவில்லை. வரும்வரை சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

அந்த அம்மா போன வாரம் வந்திருந்தார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார், நான் கேட்காமலேயே எழுந்து காட்டினார். அடுத்த மாதம் வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை. கண் மருத்துவருக்கும் மயக்க மருத்துவருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மகள் வாங்கி, அங்கேயே நின்று முதல் வரியைச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தார்: "இவர் பதினான்கு மாதம் பிரெட்னிசோலோன் எடுத்து, அட்ரீனல் செயலிழப்புக்கு ஆளானவர், முழுதாக நிறுத்தி ஏழு வாரம் ஆகிறது."